கோச்சிக்குப் போனவன்

அது அந்தக் கொச்சி இல்லை என்று மங்கையர்க்கரசிக்கு முதலில் சொன்னவன் மீரான். நேற்று மத்தியானம், வெயில் உச்சியில் நிற்கிற நேரத்தில், அவன் கடையில் வைத்துச் சொன்னான். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, வாய் தவறி வந்துவிட்டது. செல்போனுக்குக் காசு ஏற்றுவது, ரயில் டிக்கெட் போடுவது, ஜெராக்ஸ் எடுப்பது எல்லாம் அந்த ஒரு கடைதான். இவள் படியேறிப் போய், ‘தம்பி, இன்னிக்கு எர்ணாகுளம் வண்டியில கொச்சிக்கு ஒரு டிக்கெட் போட்டுக் குடு, கீழ் பெர்த்தா பாரு, மேல எல்லாம் என்னால ஏற முடியாது’ என்றாள். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, ‘கொச்சியில யாரும்மா இருக்கா உங்களுக்கு?’ என்றான். ‘யாரு இருப்பா, என் புள்ளதான், உன்கூடப் படிச்சவன். அங்கேயே இன்னும் மூணு வருஷம் இருக்கவான்னு கேக்கறான். ஒரு நடை போயி ஊரைப் பாத்துட்டுத்தான் சரின்னு சொல்லணும்.’ மீரான் சிரித்துவிட்டான். ‘சட்டநாதன் எங்கம்மா கேரளாவுல இருக்கான், அவன் ஜப்பான்ல...’ என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்த நாக்கை விடவும் முடியாமல் பேசவும் முடியாமல் அவன் நின்ற கோலம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ‘என்னைக் கொன்னுடுவான்மா அவன்’ என்றான் கடைசியில். ‘அது கோச்சி. கோ. நெடில். கடலுக்கு அந்தாண்ட.’

இன்று வெள்ளிக்கிழமை. விளக்கேற்ற இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து மங்கையர்க்கரசி வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு பூவாக விரித்து, நடுவில் விறைப்பாக நிற்கிற கள்ளனைப் பிடித்து இழுத்து எறிய வேண்டும். அந்த நரம்புக்கு யார் கள்ளன் என்று பெயர் வைத்தார்களோ தெரியாது, எவ்வளவு கொதித்தாலும் அது வேகாது, ஒன்றே ஒன்று தப்பிப்போனாலும் பல்லில் வந்து மாட்டும். எறிந்தோமா இல்லையா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆய்ந்த பூவையே மறுபடி எடுத்து விரித்தாள். உள்ளே ஒன்றுமில்லை. அப்படியானால் இதற்கு முந்தினதா? விரல் நுனி கறுத்துப்போயிருந்தது. பிள்ளை போன் பண்ணுவான். எர்ணாகுளம் வண்டி போன பிறகு பண்ணுவான், எப்போதும் அப்படித்தான், அந்த வண்டி சங்கு ஊதிக்கொண்டு போனால் கொஞ்ச நேரத்தில் போன் அடிக்கும், இவளாக அந்த இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டி வைத்திருந்தாள், வண்டி போய் அவனிடம் அம்மா கூப்பிடுகிறாள் என்று சொன்ன மாதிரி. வண்டி அவனிடம் போகவே இல்லை. இத்தனை நாளும் போகவே இல்லை. வண்டி மேற்கே போனது, அவன் எங்கேயோ இருந்தான். இன்றைக்குப் பண்ணினால், ‘என்னம்மா முடிவு பண்ணின?’ என்பான். ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிட்டான், ‘நீ சரின்னு சொன்னா இருக்கேன், வேணாம்னா அடுத்த மாசமே பொட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடறேன், வெள்ளிக்கிழமை சொல்லு’ என்று. ஒரு வார்த்தை. வேணாம் என்கிற ஒரு வார்த்தையில் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான். அப்படி ஒரு வார்த்தை கையில் இருப்பதே பயமாக இருந்தது, கொதிக்கிற பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்கி வைத்திருப்பது போல.

அவன் பொய் சொன்னானா? அதுதான் பிடிபடவில்லை. ஆடி மாதம், இதே வீடு, அந்த வாசற்படி. இரண்டு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை. தூத்துக்குடியில் கிடைத்த வேலையும் வேண்டாம் என்றாள், அதற்கு முன்னால் சென்னைத் துறைமுகத்தில் கிடைத்ததும் வேண்டாம் என்றாள், கடல் பக்கம் வேண்டாம், எந்தக் கடலும் வேண்டாம், கோயமுத்தூர் போ, ஓசூர் போ, பெங்களூரு போ என்றாள். ‘படிச்சது முழுக்கக் கரை கட்டற படிப்பும்மா, ஓசூர்ல யாருக்குக் கரை கட்டறது, பூனைக்கா?’ என்று கத்தினான். அன்று காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, ‘நான் கோச்சிக்குப் போறேம்மா’ என்றான். இவள் காதில், கோச்சிக்கிட்டுப் போறேம்மா என்று விழுந்தது. ‘கோச்சிக்காதடா, பெத்தவ ஒரு வார்த்தை சொன்னா கோச்சிக்கிட்டா போவாங்க’ என்று ஈரக்கையோடு ஓடி வந்தாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இரண்டு நாள் கழித்து முதல் சிரிப்பு. ‘கோச்சிக்கலம்மா. கோச்சிக்குப் போறேன். ஊரு. ஊரு பேரு.’ ‘கொச்சிக்கா?’ என்றாள் இவள். அப்போது ஒரு இடைவெளி வந்தது. அவன் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோய், கண் மட்டும் எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. பிறகு ‘ஆமா’ என்றான். அந்த ஆமா. அந்த ஆமாவைத்தான் நேற்று மத்தியானத்திலிருந்து இவள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். கேட்டது இவள். கொச்சி என்று சொன்னதும் இவள். அவன் தானாக ஒன்றும் சொல்லவில்லை. எட்டாவதில் கோமதி டீச்சர் கையைச் சொடுக்கிச் சொடுக்கிச் சொல்லிக்கொடுப்பார், குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு. ஒரு மாத்திரைதான் வித்தியாசம். ஒரு சொடுக்கு. அந்த ஒரு சொடுக்குக்குள் ஒரு கடல் முழுக்க அடைபட்டுக் கிடந்திருக்கிறது, இவளுக்குக் கேட்கவில்லை.

எதிர்வீட்டு லோகாம்பாளுக்கு அந்த நெடில் மட்டும் அன்றைக்கே சரியாகக் கேட்டிருக்கிறது. கோலப்பொடி டப்பாவோடு வந்து நின்று, ‘என்ன மங்கை, உன் புள்ள கோச்சிக்கிட்டுப் போயிட்டானாமே?’ என்றாள். ‘கோச்சிக்கிட்டு இல்லடி, கொச்சிக்கு.’ ‘அதான் நானும் சொல்றேன், கோச்சிக்கிட்டுத்தானே?’ தெருவே சிரித்தது. இவளும் சிரித்தாள். கொச்சி என்றால் என்ன, பக்கத்து மாநிலம், சாயங்காலம் வண்டி ஏறினால் காலையில் இறங்கிவிடலாம், கருந்தடங்கண்ணி அம்மன் இருக்கிற இந்த நாகப்பட்டினத்திலிருந்து சோட்டானிக்கரை அம்மன் இருக்கிற ஊருக்கு, ஒரு தாயார் கையிலிருந்து இன்னொரு தாயார் கைக்கு. அங்கேயும் கடல் உண்டுதான், ஆனால் அது வேறு கடல், மேற்குக் கடல், நம் தெருவுக்குள் கடல் வந்த அன்றைக்கு அது கொச்சிக்குள் இப்படி வரவில்லை, அது நம்மை ஒன்றும் செய்ததில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆடியிலிருந்து இந்தப் பங்குனி வரை ஒவ்வொரு சாயங்காலமும் எர்ணாகுளம் வண்டியின் சத்தம் கேட்டதும் கொல்லைப்பக்கம் போய், மேற்கே பார்த்து நின்று, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை திருநீறு வைத்து, அவன் நெற்றியில் இட்டு ஊதுவதுபோல ஊதினாள். அவ்வளவும் யாருக்குப் போயிற்று? அந்தக் கொச்சியில் எவனோ ஒரு பிள்ளை, தாயார் இல்லாத பிள்ளையாகக்கூட இருக்கலாம், எட்டு மாதமாகத் தலைவலி காய்ச்சல் இல்லாமல், காரணம் தெரியாமல் நன்றாக இருக்கிறானோ என்னவோ. இருக்கட்டும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் இவள் பிள்ளை? அவன் நெற்றி வெறும் நெற்றியாகவே இருந்திருக்கிறதே.

கூர்ந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்டாள்தான், கூர்ந்துதான் கேட்டாள், எல்லாமே அந்தக் கொச்சிக்கும் பொருந்தி வந்தது, அதற்கு அவள் என்ன செய்வாள்? ‘ஊரு எப்படிடா?’ என்றால், ‘மழைம்மா, நம்ம ஊர்ல பாக்காத மழை’ என்பான். கொச்சியில் மழைதானே. ‘ஊருக்கு நடுவுல கோட்டை இருக்கு’ என்பான். கோட்டைக் கொச்சி என்று டிவியில் பார்த்திருக்கிறாள். ஆறெல்லாம் வந்து ஒரு குறுகின வாயுள்ள காயலில் விழுந்து அப்புறம் கடலுக்குப் போகிறது என்றான், அதுவும் சரி. குளிர்காலத்தில்கூட அவ்வளவாகக் குளிரவில்லை என்றான், சரி. ஒரு காலத்தில் வருஷத்துக்கு ரெண்டு போகம் நெல் விளைந்த ஊராம் என்றான், இவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ‘குறுவையும் தாளடியும் மாதிரியா?’ என்று கேட்டாள். மீன்தான் கொஞ்சம் இடித்தது. சூரை மீனை வைக்கோலைக் கொளுத்தி அந்தத் தீயில் மேலாக வாட்டி, உள்ளே பச்சையாக இருக்கும்போதே நறுக்கிச் சாப்பிடுகிறார்கள் என்றான். இவள் டீக்கடை நாயரிடம் போய்க் கேட்டாள், ‘ஏம்ப்பா, உங்க ஊர்ல மீனை வைக்கோல்லயா வாட்டுவீங்க?’ நாயர் இவளை ஏற இறங்கப் பார்த்து, ‘எங்க ஊர்ல மாட்டுக்குத்தான் வைக்கோல்’ என்றார். வெள்ளை உடுத்தி, தொப்பி போட்டு, தடி ஊன்றிக் கோயில் கோயிலாக நடந்துபோகிறவர்கள் வழியெல்லாம் இருக்கிறார்கள், மொத்தம் எண்பத்தெட்டு கோயில், தீவையே சுற்றி வருவார்கள் என்றான். தீவு என்றான். தீவு என்றுதான் சொன்னான். இவளுக்கு அந்தச் சொல் காதில் ஏறவே இல்லை, ‘சபரிமலைக்குக் கறுப்பில்ல உடுத்துவாங்க?’ என்று மட்டும் கேட்டாள். ‘இது வேறம்மா’ என்றான். சாயங்காலம் போன் பண்ணும்போதே, ‘இங்க இருட்டி ரொம்ப நேரமாச்சு’ என்பான். மலை மறைக்கும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மலைக்கு மேற்கே இருக்கிற ஊரில் மலை எப்படிச் சாயங்காலத்தை மறைக்கும் என்று இப்போது தோன்றுகிறது. முகத்தைக் காட்டு என்றால், ‘படம் வச்சுப் பேசினா நெட்டு தீந்துடும்மா’ என்பான். பொய் சொல்லவில்லை. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. உண்மையையே ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கண்ணைக் கட்டிவிட்டான்.

மகள் அகிலாவுக்கும் தெரிந்திருக்கிறது. நேற்று ராத்திரியே இவள் திருவாரூருக்குப் போன் போட்டாள்.  ‘உனக்குத் தெரிஞ்சா விடுவியாம்மா?’ என்றாள் மகள். ‘ராத்திரி தூக்கத்துல எழுந்திரிச்சு உக்காருவ. சாமி ரூமை விட்டு வர மாட்ட. அப்பா இருந்தா சமாளிப்பாரு, இப்ப யாரு உன்னைப் பாத்துக்கறது? அதான் அவன் சொல்ல வேணாம்னான்.’ எல்லாரும் சேர்ந்து இவளை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பஞ்சு அடைத்திருக்கிறார்கள், உடைகிற சாமானை அனுப்புகிற மாதிரி. கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். கோபம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கலங்கிய தண்ணீராக இருந்தது, கையை விட்டால் அடி தட்டுப்படவில்லை.

தண்ணீர். மார்கழித் திருவாதிரை, ஞாயிற்றுக்கிழமை. அவர் விடியற்காலையிலேயே சிதம்பரம் போயிருந்தார். இவள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அப்போது குடியிருந்தது கடற்கரைப் பக்கத்துத் தெரு. வெல்லம் பாகாகி, ஏலக்காய் தட்டிப் போடுகிற நேரத்தில் தெருவில் ஓடுகிற சத்தம். கடல் வருது, கடல் வருது. யாரும் வேறொன்றும் சொல்லவில்லை. சுனாமி என்று யாரும் சொல்லவில்லை, அந்தச் சொல்லே அன்றைக்கு ஊரில் இல்லை, தண்ணீர் வந்து போய், பிணங்களை எடுத்து, அதற்குப் பிறகுதான் டிவியில் அந்தச் சொல் வந்தது. முதலில் தண்ணீர், பிறகு பேர். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் போட்டுக்கொண்டு ஓடினாள், ஒன்றாவது படிக்கிற பிள்ளை, கால் தரையில் இழுபடுகிற உயரம், அகிலா முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். நாலாவது வீடு மாடி வீடு. ஏறினார்கள். படி ஏறி முடிகிற இடத்தில் மொட்டைமாடிக் கம்பிக்கதவு பூட்டியிருந்தது. கறுப்புப் பூட்டு, பெரிய பூட்டு. அதைத்தான் இவள் பார்த்தாள், கடலைப் பார்க்கவில்லை. கீழே சைக்கிள்கள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம், வாளிகள் உருளுகிற சத்தம், இவள் கண் பூட்டின்மேல். நெற்றியால் கதவை முட்டினாள். அம்மா தாயே கருந்தடங்கண்ணி, கருந்தடங்கண்ணி என்று எத்தனை தரம் சொன்னாளோ. படியில் கீழிருந்து ஒவ்வொன்றாக நனைந்து நனைந்து வந்தது. மாடிக்கு அந்தப்புறம் யாரோ இருந்திருக்கிறார்கள், பின்பக்கத்துச் சுவர் ஏறி வந்தவர்கள், ஒரு அம்மிக்குழவியால் பூட்டை அடித்துத் திறந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. பிள்ளை அழவேயில்லை. ‘களி தீஞ்சிடும்மா’ என்று மட்டும் சொன்னான்.

சுனாமி என்பது ஜப்பான்காரர்கள் சொல்தான் என்று மீரான் நேற்று சொன்னான். துறைமுகத்து அலை என்று அர்த்தமாம். அன்றைக்குத் தண்ணீரிலிருந்து தப்பின பிள்ளை கடைசியில் அந்தச் சொல் பிறந்த வீட்டிலேயே போய்க் குடியிருக்கிறான். உட்காருங்கம்மா, தண்ணி குடிங்கம்மா என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று மீரான் செல்போனில் தேடித் தேடிப் படித்துச் சொன்னான். எல்லாம் சேர்ந்து இப்போது தலைக்குள் ஒரே குழப்பமாகக் கிடந்தது. நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜா அங்கே கோட்டை கட்டினான். ரெண்டு ஆற்றுக்கு நடுவில் இருப்பதால் ஆற்றுக்கு நடுவே இருக்கிற ஊர் என்று பேர் வைத்தான். வெள்ளம் வந்தது. மறுபடி வந்தது. அடுத்து வந்த ராஜாவுக்கு அந்தப் பேரே பிடிக்கவில்லை, பேரில் ஆறு இருப்பதால்தான் ஆறு வீட்டுக்குள் வருகிறது என்று, சத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றிவிட்டான். இப்போது அந்த எழுத்துக்கு உயர்ந்த அறிவு என்று அர்த்தம். கூப்பிட்டால் அதே கோச்சி. எழுதினால் வேறு. இதைக் கேட்டதும் மங்கையர்க்கரசிக்கு உடம்பு சிலிர்த்தது. பேரை மாற்றினால் தண்ணீர் ஏமாந்து போகுமா? அவள் பிள்ளையும் அதைத்தான் செய்திருக்கிறான். சத்தத்தை வைத்துக்கொண்டு எழுத்தை மாற்றிவிட்டான், அம்மாவின் பயம் ஏமாந்து வழி தவறி எர்ணாகுளம் போகட்டும் என்று. போயிற்றே. எட்டு மாதம் அவள் நிம்மதியாகத் தூங்கினாளே.

‘ஆனா வெள்ளம் வரத்தான் செஞ்சுதுப்பா?’ என்று கேட்டாள். மீரான் தயங்கினான். ‘ஆறு மட்டும் இல்லம்மா, பூமி ஆடினா கடலும் அப்பப்ப வரும். நூறு வருஷம், நூத்தம்பது வருஷத்துக்கு ஒரு தடவை.’ ‘போன தடவை எப்ப?’ ‘நமக்குச் சுதந்திரம் வந்ததுக்கு முந்தின வருஷம். டிசம்பர். விடியறதுக்கு முன்னாடி.’ டிசம்பர் என்றால் மார்கழி. விடியறதுக்கு முன்னால் என்றால் கோலம் போட எழுந்திருக்கிற நேரம். அங்கேயும் மார்கழிதானா? பூமி ஆடியது மட்டுமில்லை, ஊரின் தரையே கொஞ்சம் கீழே இறங்கிவிட்டதாம், வந்த தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் தெருவிலேயே நின்றதாம். எத்தனை நாள்? மீரான் சொன்னானா, இவள் கேட்கவில்லையா? நின்ற தண்ணீரில் ஜனங்கள் என்ன செய்திருப்பார்கள், எதில் சமைத்திருப்பார்கள், நம் ஊரில் பல்லவ ராஜா இருந்த காலத்திலேயே அங்கே ஒரு தரம் வந்ததை எழுதி வைத்திருக்கிறார்களாம், அப்படியென்றால் பிறகும் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்? ஆயிரத்து முந்நூறு வருஷமாகத் தெரிந்தும் எதற்காக அதே இடத்தில் துணி காயப்போடுகிறார்கள்? கையிலிருந்த பூவைப் பார்த்தாள். கள்ளனை முறத்தில் போட்டுவிட்டுப் பூவை எறிந்துகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக? குப்பையைக் கிளறினாள், பூவெல்லாம் அதில்தான் கிடந்தது. இங்கே தண்ணீர் வந்து போனதுமே அவருக்குத் தஞ்சாவூருக்கு மாற்றல் கிடைத்தது, தபாலாபீஸில் அவராகக் கேட்டு வாங்கினார், ‘வா மங்கை, போயிடலாம், கடல் வேணாம்’ என்றார். வரமாட்டேன் என்றவள் இவள். அம்மன் இங்கே இருக்கிறாள், வெள்ளிக்கிழமை தவறாமல் போய் நிற்கிற சந்நிதி இங்கே இருக்கிறது, நான் எங்கே வருவேன் என்றாள். தண்டவாளத்துக்கு இந்தப்பக்கம் குடிவந்தாள், அவ்வளவுதான் அவள் கடலைவிட்டு ஓடின தூரம். இப்போதும் காற்று திரும்பினால் உப்பு வாடை அடிக்கிறது. யாராவது கோச்சியில் உட்கார்ந்துகொண்டு, அந்த நாகப்பட்டினத்துக்காரி ஏன் இன்னும் அங்கேயே துணி காயப்போடுகிறாள் என்று கேட்டால் என்ன சொல்வாள்?

அவன் என்ன வேலை செய்கிறான் என்று அதையும் மீரான்தான் சொன்னான். கரையோரமாக நீள நீளமான இரும்புத் தகட்டைப் பூமிக்குள் இறக்கி மதில் கட்டுகிற வேலை. ‘தண்ணி வந்தா தடுக்கிறதுக்கும்மா. அவன் சுவரு கட்டறான், பயப்படாதீங்க.’ அப்புறம் இன்னொன்றும் சொன்னான். சுவரைத் தாண்டி வந்தால் ஏறிக்கொள்ளக் கரையோரம் கோபுரம் கோபுரமாகக் கட்டி வைத்திருக்கிறார்களாம். கோபுரம் என்றதும் இவளுக்கு ஏழு கலசமும் பொம்மைகளுமாக ஒன்று மனதில் எழுந்து நின்றது, ஜப்பான்காரர்கள் வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டு ஏறுகிறார்கள், நம் ஊரில் கோபுரம் ஏறுவதற்கு இல்லை, கீழிருந்து கும்பிடுவதற்கு. மீரான் படம் காட்டினான். கம்பியும் படியும் மேலே ஒரு தளமும், சாமி இல்லை, கதவு இருந்ததா? படத்தை அவன் சீக்கிரம் தள்ளிவிட்டான், படி முடிகிற இடத்தை இவள் சரியாகப் பார்க்கவில்லை. அது எந்தப் பக்கம் தம்பி என்று கேட்டாள், ஊர் எந்தப் பக்கம். அவன் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி, ஜெராக்ஸ் மிஷின் இருந்த மூலையைக் காட்டினான். ஈசானிய மூலை. தண்ணீர் இருக்க வேண்டிய மூலை. இவள் வீட்டில் கிணறு அந்த மூலையில், சாமி அலமாரியும் அந்த மூலையை ஒட்டி. ஆக, இவ்வளவு நாளும் விளக்கேற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டதெல்லாம் தெரியாமலே அவனைப் பார்த்துத்தானா? கும்பிட்டுவிட்டுப் பிறகு வேண்டுமென்றே திரும்பிக் கொல்லைக்குப் போய் மேற்கே ஊதினாளா? எதில் எது கணக்கில் சேரும்? அம்மனுக்காவது தெரிந்திருக்கும். அவள் கண் கறுத்த பெரிய கண், நெடில் குறில் பார்க்காது.

வண்டி ஊதியது. தண்டவாளம் அதிர்ந்து, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிணுகிணுத்தன. தினமும் கேட்கிற சத்தம்தான். அங்கே இப்படித்தான் ஆரம்பிக்குமா, டம்ளர் சத்தத்தில்? எழுந்தாள். பழக்கத்தில் கால் கொல்லைப்பக்கம் போயிற்று. பாதி வழியில் நின்றாள். திருநீற்றுச் சிட்டிகை விரலிடுக்கில் இருந்தது, வாழைப்பூக் கறையில் ஒட்டிக் கறுப்பும் வெளுப்புமாக. கிணற்றுப் பக்கம் திரும்பினாள். அந்தக் கொச்சிப் பிள்ளை இன்றைக்குக் காத்துக்கொண்டிருந்தால்? மறுபடி மேற்கே திரும்பி, அவனுக்கும் இருக்கட்டும் என்று ஒரு ஊது ஊதினாள். மிச்சத்தை ஈசானியத்தில் ஊதினாள். காற்று எதிர்க்காற்று, கடல் காற்று, திருநீறு திரும்பி வந்து அவள் கண்ணிலேயே விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வேணாம் என்றால் வருவான். வந்து இந்த வீட்டில், இந்தக் கூடத்தில், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் கட்டாத சுவர் அங்கே கட்டாமலே நிற்கும். யாரோ ஒருத்தி அங்கே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுவாள். இல்லை, வேறு யாராவது கட்டுவார்கள், உலகத்தில் இவன் ஒருத்தன்தானா? என் பிள்ளை எனக்கு. ஆனால் பூட்டை உடைத்தவர்களும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைகள்தானே, அவள் அன்றைக்கு, நீ போகாதே, வீட்டுக்கு வா என்று கூப்பிட்டிருந்தால்? சரி என்றால் மூணு வருஷம். மூணு மார்கழி. சொல்ல வேண்டியதை நாக்கில் வைத்துப் பார்த்தாள். இரண்டு சொல்லும் ஒரே மாதிரி கசந்தன.

போன் அடித்தது. கறை விரலால் பச்சையைத் தள்ளினாள், நழுவியது, மறுபடி தள்ளினாள்.

‘அம்மா, சாப்பிட்டியா?’

‘இன்னும் விளக்கே ஏத்தலடா. வாழைப்பூ ஆஞ்சுகிட்டிருக்கேன்.’

‘வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போகலையா?’

‘போகணும். அங்க மழையா?’

‘இன்னிக்கு இல்ல. காத்து மட்டும்.’ ஒரு இருமல். ‘என்னம்மா முடிவு பண்ணின?’

வேணாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், அல்லது அப்படி நினைத்துக்கொண்டாள். ‘இரு’ என்று வந்தது. தன் குரல்தானா என்று தெரியாமல் இன்னொரு தரம் சொன்னாள். ‘இரு. கோச்சியிலேயே இரு.’

நெடில். இரண்டு மாத்திரை, டீச்சர் சொடுக்கின மாதிரி.  ஆடி மாதம் வாசற்படியில் வந்த அதே இடைவெளி, அது இப்போது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. காற்றடிக்கிற சத்தம் போனில் வந்தது. அங்கத்துக் காற்றா, இங்கத்துக் காற்றா?

‘மீரான் சொன்னானா?’

‘அவனை ஒண்ணும் சொல்லாத. நல்ல புள்ள. ஸ்டூலைத் துடைச்சுப் போட்டான்.’

‘அம்மா...’ பிறகு ரொம்ப மெதுவாக, ஒன்றாவது படிக்கிற குரலில், ‘கோச்சிக்கிட்டியாம்மா?’ என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் திருநீறு கரித்தது. ‘கோச்சிக்கல’ என்றாள். ‘நீதான் போயிருக்க கோச்சிக்கு. எனக்கு என்ன.’ முந்தானையால் போனைத் துடைத்து மறுபடி காதில் வைத்தாள். ‘டேய், அங்க கரையோரம் ஏறி நிக்கறதுக்குக் கோபுரம் கட்டியிருக்காங்களாமே. உன் வீட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கா?’

‘இருக்கும்மா. நடந்து போற தூரம்தான்.’

‘நாளைக்கு வெளிச்சம் இருக்கும்போது ஒரு நடை போ. மேல வரைக்கும் ஏறி, அந்தக் கதவு பூட்டியிருக்கா தொறந்திருக்கான்னு மட்டும் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு.’